இணைப்பு: மேற்கண்டவாறு

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மெயிலில் கோப்பு இணைத்து அனுப்புவது பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் சிலர் சிரித்ததைப் பார்த்தேன். பேப்பர் கிளிப் படத்தைத் தொட்டால் கோப்பு ஏறிக்கொள்கிறது, அனுப்பு என்றால் போய்விடுகிறது, இதற்கு ஒரு மணி நேரமா என்று தோன்றுவது நியாயம்தான். நானும் அப்படி நினைத்தவன்தான். நான் தொழில்நுட்ப வல்லுநர் இல்லை. பி.எட். முடித்து இருபது ஆண்டுகளாகச் சமூக அறிவியல் நடத்துகிறவன். இந்த விஷயத்தில் நம் குழுவிலேயே அதிகம் தவறு செய்தவன் என்பதுதான் இங்கே நிற்க எனக்குள்ள ஒரே தகுதி.

நம் இரண்டு கொம்யூன்களிலும் உள்ள ஆசிரியர்களில் எழுபது பேர் ஒரே குழு முகவரியில் இருக்கிறோம். அந்த முகவரிக்கு ஒருவர் அனுப்பினால் எழுபது பேருக்கும் போய்விடும். வினாத்தாள், பணித்தாள், சுற்றறிக்கை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. வில்லியனூர்க் கடைத்தெருவில் இருக்கிற பள்ளியும், கடலூர் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடக்கிற பாகூர்ப் பக்கத்துப் பள்ளியும் ஒரே நாளில் ஒரே தாளைப் பார்க்க முடிகிறது. அது பெரிய வசதி. ஆனால் ஒருவருக்கு அனுப்புவது வேறு, எழுபது பேருக்கு அனுப்புவது வேறு என்பது எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று.

முதலில் 'இணைப்பு' என்ற சொல்லைப் பார்ப்போம். அலுவலகக் கடிதத்தில் கையொப்பத்துக்குக் கீழே, இடது ஓரத்தில், 'இணைப்பு: மேற்கண்டவாறு' என்று எழுதுவோம். சில பழைய தலைமையாசிரியர்கள் அதோடு விட மாட்டார்கள். 'இணைப்பு: 1. பெயர்ப்பட்டியல், 2 தாள்கள், 2. வருகைச் சுருக்கம், 1 தாள்' என்று எண்ணி எழுத வைப்பார்கள். நான் பணியில் சேர்ந்த புதிதில் இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். இன்று யோசித்தால் அந்த ஒரு வரிக்குள் நிறைய வேலை நடந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது உறையைப் பிரிப்பவருக்குத் தெரிகிறது. ஒரு தாள் குறைந்தால் கேட்கலாம், ஒரு தாள் கூடுதலாக இருந்தாலும் கேட்கலாம். அனுப்புகிறவரும் எழுதும்போதே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுகிறார். மெயில் வந்ததும் நாம் முதலில் கைவிட்டது இந்த வரியைத்தான். இப்போது வருகிற மெயில்களில் பொருள் இருக்காது, உள்ளே ஒரு சொல் இருக்காது, 'டாக்1' என்று பெயர் வைத்த ஒரு கோப்பு மட்டும் தொங்கும். அது வினாத்தாளா, விடுப்பு விண்ணப்பமா, ஏதாவது ஏமாற்று வேலையா? திறந்தால்தான் தெரியும்.

என் முதல் தவறு எழுத்துருவில் நடந்தது. கோடை விடுமுறையில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புக்கு நூறு வினாக்கள் தயாரித்தேன். என் மடிக்கணினியில் பாமினி எழுத்துரு இருந்தது, அதில் அடித்து வேர்டு கோப்பாகக் குழுவுக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். கிருமாம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர்தான் முதலில் கூப்பிட்டார். "சார், இங்கிலீஷ் மீடியத்துக்கா அனுப்பினீங்க? அதுவும் படிக்க முடியலையே?" பாமினி இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். நூறு வினாவும் அப்படியே. நான் செய்தது என்னவென்றால், பூட்டிய பெட்டியை எழுபது வீட்டுக்கும் அனுப்பிவிட்டுச் சாவியை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

இந்தச் சிக்கலைத் தமிழர்கள் நமக்கு முன்பே பட்டுத் தெளிந்திருக்கிறார்கள். அந்தக் கதையை நம் மாணவர்களுக்கே பாடமாகச் சொல்லலாம். 1990களின் நடுவில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் என்ற மடற்குழுவில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே தமிழில் எழுதிக்கொண்டார்கள். அப்போது ஆளுக்கொரு எழுத்துரு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் ஒரு பக்கம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு ஒரு பக்கம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க வேண்டுமானால் அதே எழுத்துரு அவரிடமும் இருக்க வேண்டும். இதற்கு ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்று மடல்களிலேயே வாதாடி, வாதாடி, திஸ்கி என்ற குறியீட்டு முறையை உருவாக்கினார்கள். அரசாணை எதுவும் இல்லை. ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க வேண்டும் என்ற தேவை மட்டும் இருந்தது.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் இந்த மண்ணில் முளைத்ததுதான். கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்தும், குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவிலிருந்தும் நடத்த, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காதவர்கள். இன்று சங்க நூல்களையும் காப்பியங்களையும் நாம் இலவசமாக இறக்கிக்கொள்ள முடிவதற்கு அவர்களுடைய உழைப்பு ஒரு பெரிய காரணம். தொலைபேசிக் கம்பி வழியாக, மோடத்தின் கீச்சொலியோடு இணையம் வந்த காலம் அது. நூலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தால் ஒரு பக்கம் இறங்கவே வெகுநேரம் ஆகியிருக்கும். அவர்கள் எழுத்தாக அடித்தார்கள். அதனால்தான் பிறகு ஒருங்குறி பரவியபோது அந்த நூல்களையெல்லாம் அதற்கு மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. படமாக இருந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து அடித்திருக்க வேண்டும்.

ஒருங்குறி 1991லேயே வந்துவிட்டது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழ் ஏறியது. 2010இல் தமிழ்நாடு அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. இன்று நம் கைப்பேசியில் அடிக்கிற ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒருங்குறிதான். அப்படியிருக்க, வினாத்தாளை மட்டும் இன்னும் பாமினியிலும் வானவில்லிலும் அடித்துக்கொண்டிருக்கிறோம். டி.டி.பி. கடையில் அப்படித்தான் பழக்கம் என்கிறோம். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஒருங்குறியில் அடித்துத் தருவார். பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகளும் உண்டு. வரைபடமும் கட்டமும் உள்ள தாள் என்றால் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். பி.டி.எஃப். ஆக்கும்போது எழுத்துருவும் பொதுவாக அதற்குள்ளேயே பொதிந்து போய்விடும், எதில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். மற்ற ஆசிரியர்கள் திருத்திப் பயன்படுத்த வேண்டும் என்றால் மட்டும் வேர்டு கோப்பு.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இணைப்பே வேண்டுமா? 'நாளை மதியம் 2 மணிக்குக் கூட்டம்' என்ற ஒரு வரியை வேர்டில் அடித்து, அச்செடுத்து, கையொப்பமிட்டு, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, அந்தப் படத்தை மெயிலில் இணைத்து அனுப்புகிறோம். நானே அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு வரியை மெயிலிலேயே அடித்திருக்கலாம்.

கணக்கு ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், கணக்கே போட்டுவிடுவோம். இரண்டு பக்க வினாத்தாளில் ஏறத்தாழ 2,500 குறியீடுகள் இருக்கும். தமிழில் ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 7,500 பைட், அதாவது 8 கேபிகூட இல்லை. அதே இரண்டு பக்கத்தைப் படம் பிடித்தால் பக்கத்துக்கு 4 எம்பி, மொத்தம் 8 எம்பி. ஆயிரம் மடங்கு. திருக்குறள் 1,330 குறளின் மூலத்தையும் எழுத்தாக வைத்தால் ஏறத்தாழ கால் எம்பிக்குள் அடங்கிவிடும். நாம் சாய்வாகப் பிடித்த, ஓரத்தில் கட்டைவிரல் தெரிகிற ஒரு வினாத்தாள் படத்தின் எடையில் பதினைந்து திருக்குறள் வைக்கலாம்.

கோப்பு போகும்போது இன்னும் பருக்கும். மின்னஞ்சல் பிறந்த காலத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துகளை மட்டும் சுமக்கிற வண்டி. படமோ ஒலியோ அதில் ஏறாது. 1992இல் நதானியல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் மைம் என்ற முறையை வகுத்த பிறகுதான் எந்தக் கோப்பையும் மடலோடு கட்டி அனுப்ப ஒரு பொது வழி பிறந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் போரன்ஸ்டீன் அனுப்பிய மடலில் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய பாட்டையும் சேர்த்து அனுப்பினார். முறை எளிது. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, குறிகள் 2, மொத்தம் 64. எந்தக் கோப்பையும் இந்த 64 அடையாளங்களாக எழுதிவிடுவது. அப்படி எழுதும்போது 3 பைட் 4 ஆகிறது. நீங்கள் இணைக்கிற 6 எம்பி கோப்பு 8 எம்பியாகப் பயணம் போகிறது. ஏழாம் வகுப்பில் விகிதம் நடத்துகிறவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி அதை எழுபதால் பெருக்குங்கள். நான் ஒருமுறை பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்களைப் படமெடுத்து 22 எம்பிக்கு அனுப்பினேன். ஜிமெயில் 25 எம்பி வரை ஏற்கும், அதனால் தடுக்கவில்லை. 22ஐ எழுபதால் பெருக்கினால் 1,540 எம்பி. அதில் எனக்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. செலவு முழுவதும் வாங்குகிறவர்களுக்கு. ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கிற இடம் 15 ஜிபி. அதில்தான் மெயில், டிரைவ், புகைப்படம் எல்லாம். பாகூர்ப் பக்கத்து ஆசிரியை ஒருவருக்குப் பிள்ளைகளின் படங்களால் அந்த இடம் ஏற்கெனவே விளிம்பில் இருந்தது. நானும் என்னைப் போன்றவர்களும் அனுப்பியவை அதை நிரப்பிவிட்டன. நிரம்பினால் புது மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பும். அவருக்கு வந்திருக்க வேண்டிய தேர்வுப் பணி ஆணை அப்படித் திரும்பிப் போனது. நல்ல வேளையாக ஒருவர் தொலைபேசியில் சொன்னதால் தப்பித்தார். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து பெரிய கோப்பை டிரைவில் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, அதன் சுட்டியை மட்டும் அனுப்புகிறேன். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். இதில் இன்னொரு நன்மை: வினாவில் பிழை இருந்தால் அங்கே ஓரிடத்தில் திருத்தினால் போதும். இணைப்பாக அனுப்பியிருந்தால் 'திருத்தியது', 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி' என்று ஊர்வலம் போகும். எந்த இறுதியை வைத்துத் தேர்வு நடத்தினோம் என்று கடைசியில் நமக்கே தெரியாது. சுட்டி கொடுக்கும்போது 'பார்க்க மட்டும்' என்று அனுமதி வைக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் யாராவது தெரியாமல் கைபட்டு மூன்றாம் கேள்வியை அழித்துவிடுவார்.

யார் அனுப்பியது என்பதைப் பற்றிக் கொஞ்சம். நம் பாகூருக்கு ஒரு பெருமை உண்டு. நிருபதுங்க பல்லவன் காலத்து, 9ஆம் நூற்றாண்டுப் பாகூர்ச் செப்பேடுகள், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கின்றன. அந்தக் காலத்தில் செப்பேடுகளில் துளையிட்டு, ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் மேல் அரச முத்திரை வைப்பார்கள். இடையில் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. நம் மெயில் இணைப்புக்கு அப்படி ஒரு வளையம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அனுப்புநர் பெயர் தெரிந்த பெயராக இருப்பதையே முத்திரை என்று நம்பிவிடுகிறோம்.

2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்சிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல் இந்த நம்பிக்கையில்தான் உலகம் முழுக்கச் சுற்றியது. காதல் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்பு. அதன் பெயரின் வால் உண்மையில் 'டெக்ஸ்ட்' என்று முடியவில்லை, அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துக் காட்டியதால் பார்ப்பவருக்கு அது வெறும் எழுத்துக் கோப்பு. திறந்ததும் அவருடைய முகவரிப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அவர் பெயரிலேயே அது கிளம்பிப் போனது. ஆக எல்லோருக்கும் தெரிந்தவரிடமிருந்துதான் வந்தது. இப்போது அதே வித்தை கைப்பேசிக்கு வந்திருக்கிறது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் கோப்பு வருவதாக 2024இல் காவல்துறையினர் எச்சரித்தார்கள். அழைப்பிதழ் என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும். ஏபிகே என்பது செயலி, அதை நிறுவினால் உங்கள் குறுஞ்செய்தியையும் வங்கி ஓ.டி.பி.யையும் இன்னொருவர் பார்க்க வழி திறந்துவிடலாம். நம்மைப் போன்ற ஊர்களில் முகூர்த்த மாதத்தில் பழைய மாணவர்களின் அழைப்பிதழ் வாரத்துக்கு இரண்டு வரும். சந்தேகம் வந்தால் பதில் மெயில் போடாதீர்கள். கணக்கே களவு போயிருந்தால் களவாணிதான் 'ஆமாம், நான்தான் அனுப்பினேன்' என்று பதில் எழுதுவான். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். அனுப்புகிறவர் 'இணைப்பு: பத்தாம் வகுப்பு வரலாறு, திருப்புதல் வினாத்தாள், பி.டி.எஃப்., 3 பக்கம்' என்று மடலில் எழுதிவிட்டால் இந்தச் சந்தேகத்தில் பாதி வராது. பழைய தலைமையாசிரியரின் அந்த ஓர வரியை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் சரிசெய்யக்கூடிய தவறுகள். இனிச் சொல்லப்போவதை இந்த மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன்.

கல்வி உதவித்தொகைக்காக என் வகுப்புப் பிள்ளைகளின் விவரங்களை எக்செல்லில் வைத்திருந்தேன். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண். கடைசியில் 'குறிப்பு' என்று எனக்காக ஒரு நிரல். ஒரு மாணவியின் பெயருக்கு நேரே, 'தந்தை உடன் இல்லை. தாய் கூலி வேலை. பணம் எதுவும் கேட்க வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு.

பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று குழுவில் சிலர் கேட்டார்கள். மாதிரி அனுப்புகிறேன் என்று சொல்லி, ஆதார், வங்கி, குறிப்பு நிரல்களை 'ஹைட்' செய்துவிட்டு, என் கோப்பையே எழுபது பேருக்கும் அனுப்பினேன். ஹைட் செய்தால் போய்விடும் என்று நினைத்தேன். அது திரைச்சீலைதான், பின்னால் எல்லாம் அப்படியே இருக்கும். ஓர் ஆசிரியர் அதை அச்செடுக்க நெட் சென்டருக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைப் பையன் நிரல் எழுத்துகள் விட்டுவிட்டு வருவதைப் பார்த்து, உதவி செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் திறந்து அச்செடுத்திருக்கிறான். முதல் அச்சு சரியாக விழவில்லை. அந்தத் தாள்கள் கடையிலேயே கிடந்தன. கடையில் வேலை செய்கிற இன்னொரு பெண்ணுக்கு அந்த மாணவியின் தெருதான். நம் ஊர்கள் எவ்வளவு சிறியவை என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை என் மேசைக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள். "சார், எங்கப்பா எங்ககூட இல்லன்னு நீங்க கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கீங்களா?" இல்லை என்று சொல்ல முடியவில்லை. அடுத்த இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு அவள் அம்மா வந்தார். சண்டை போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வகுப்பு வாசலில் நின்றபடியே, "அத அழிச்சிட முடியுமா சார்?" என்று கேட்டார்.

முடியாது என்பதுதான் உண்மை. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 விநாடி. அதற்குப் பிறகு அந்தக் கோப்பு எழுபது பெட்டிகளில் இருக்கிறது. அவற்றிலிருந்து எத்தனை கைப்பேசிகளில், எத்தனை பென் டிரைவ்களில், எத்தனை கடைகளில் இறங்கியது என்று யாருக்குத் தெரியும்? அன்று மாலையே குழுவுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டு, கோப்பை அழித்துவிடச் சொன்னேன். நாற்பது பேருக்கு மேல் அழித்துவிட்டதாகப் பதில் போட்டார்கள். மற்றவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தேன். சிலர் 'எந்தக் கோப்பு சார்?' என்றார்கள். பார்க்கவே இல்லை, ஆனால் அவர்கள் பெட்டியில் இருக்கிறது. அந்த அம்மாவிடம், 'என்னால் முடிந்தவரை அழித்திருக்கிறேன்' என்றுதான் சொல்ல முடிந்தது. அழித்துவிட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. விலக்குகளும் உண்டு. சட்டம் நமக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைத் துறை சொல்லட்டும். நான் சொல்வது அதற்கும் முந்திய விஷயம். வருகைப் பதிவேட்டை நாம் தெருவில் வைத்துவிட்டு வருவோமா? பூட்டி வைக்கிறோம். அதைவிடப் பத்து மடங்கு விவரம் உள்ள எக்செல்லை ஒரு சொடுக்கில் அனுப்புகிறோம்.

இப்போது எங்கள் குழுவில் ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறோம். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன், இரண்டு பேர் இதை என் தனிப்பட்ட வெறி என்கிறார்கள். பிள்ளைகளின் விவரம் உள்ள எந்தக் கோப்பும் குழு முகவரிக்குப் போகக் கூடாது. கேட்கிற ஒருவருக்கு மட்டும் போகலாம், அதுவும் கடவுச்சொல் வைத்து, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லி. மாதிரி வேண்டுமென்றால் புதிய கோப்பில் 'அ', 'ஆ' என்று பொய்ப்பெயர் போட்டு அனுப்ப வேண்டும். பழைய கோப்பில் மறைத்தோ அழித்தோ அனுப்பக் கூடாது. ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் போதுமா என்று முதலில் கேட்கிறோம், பல இடங்களில் போதும் என்கிறார்கள். 'ரிப்ளை ஆல்' அழுத்தும் முன் மேலே உள்ள முகவரியை விரலால் தொட்டுப் படிக்கச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளையை வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கச் சொல்வதுபோலத்தான்.

அந்தப் பிள்ளை மறுபடி வரத் தொடங்கினாள். என் பாடத்தில் மட்டும் கை தூக்க வெகுநாள் ஆயிற்று.

போதும், நான் பேசியது நீண்டுவிட்டது. இப்போது எல்லோரும் கைப்பேசியை எடுங்கள். மெயிலைத் திறந்து, மேலே தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் 'லார்ஜர்' என்று அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, அதையொட்டி 10 என்ற எண்ணும் எம் என்ற எழுத்தும் அடியுங்கள். 10 எம்பிக்கு மேல் உள்ள மடல்கள் எல்லாம் வரிசையாக வரும். என் 22 எம்பி மடலும் அதில் இருக்கும், தாராளமாக அழியுங்கள். அடுத்து 'எக்செல்எஸ்எக்ஸ்' என்ற நான்கு ஆங்கில எழுத்தைத் தேடுங்கள். பெயர்ப்பட்டியல்கள் வரும். நாம் அனுப்பியவையும் இருக்கும், நமக்கு வந்தவையும் இருக்கும். அவற்றிலிருந்து தொடங்குவோம். அழித்த பிறகு குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே கிடக்கும். இந்த அறையில் சிக்னல் கொஞ்சம் மந்தம். ஜன்னல் பக்கம் இருப்பவர்களுக்கு முதலில் வரும், அவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுங்கள்.